‘பார்ப்போம்’ என்பதை நான் மொழிபெயர்த்த விதம்

2013 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். பாலை மரத்தின் கீழே பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். எட்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த தொண்டர்கள், மூன்றில் கிராம அபிவிருத்திச் சங்கத்து ஆண்கள், ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகக் கொழும்பிலிருந்து போன நான். பெண்கள் பாயில் இருந்தார்கள்.

குழுவின் தலைவர் கேட்டார்: “இந்த இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் கட்டித் தரலாம் என்று நினைக்கிறோம். உங்களுக்கு விருப்பமா?” நான் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மாதர் சங்கத் தலைவிக்கு அப்போது அறுபது வயது இருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். செய்தால் நல்லதுதான்.” உடனே மகளின் பக்கம் திரும்பி, “அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் கொண்டு வா” என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: “மிகவும் விருப்பமாம். நல்ல யோசனை என்கிறார்.”

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் ஒரு கட்டடம் எழுந்தது. கல், சீமெந்து, கூரைத்தகடு எல்லாம் மாங்குளத்திலிருந்து உழவு இயந்திரத்தில் வந்தன. பதினான்காவது நாள் நாடா வெட்டினோம். பாற்சோறு பொங்கினார்கள், படம் எடுத்தோம். 2015 தொடக்கத்தில் நான் திரும்பிப் போனபோது அந்த அறைக்குள் விதைநெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. புத்தகங்கள் இரண்டு பெட்டிகளில், கரையான் ஏறாமல் இருக்க மேசைக்கு மேலே பத்திரமாக இருந்தன. பெரும்பாலானவை ஆங்கிலப் புத்தகங்கள்.

தலைவி அம்மாவிடம் அன்று கேட்டேன், “உங்களுக்கு நூலகம் வேண்டாம் என்று அப்போதே தெரியுமா?” அவர் மறைக்கவில்லை. “அன்றைக்கு உச்சி வெயில் பிள்ளை. அவர்களுடைய முகமெல்லாம் சிவந்து வேர்த்துப் போயிருந்தது. அந்த முகங்களைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?”

வெளிநாட்டுத் தொண்டர் குழுக்களுக்கும் நம் கிராமங்களுக்கும் நடுவில் நின்று பேசும் வேலையை நான் 2011 இல் தொடங்கினேன். கொழும்பில் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு அதே நகரில் வெள்ளவத்தைக்கு வந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், அலுவலகத்தில் ஆங்கிலம். அதனால் என்னை எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆனால் முல்லைத்தீவு இருக்கும் வன்னிப் பகுதி எனக்கும் புதிய இடம்தான். மொழி ஒன்று என்பதால் ஊர் தெரிந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன், என்னை அழைத்துப் போனவர்களும் நினைத்திருந்தார்கள். அந்த இரண்டு நினைப்பும் தவறு. இந்த வேலைக்கு வருகிற இளையவர்கள் பலர் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், வெளியிலிருந்து நம் ஊர்களுக்கு உதவ வர நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘இல்லை’ என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். தமிழில் விருந்தாளியிடம் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக வேறு பல சொற்கள் வைத்திருக்கிறார்கள். ‘பார்ப்போம்’ என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று பொருள். ‘செய்தால் நல்லதுதான்’ என்றால், செய்கிறவர் நீங்கள், எங்களிடம் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள் என்று பொருள். ‘உங்களுக்கு எப்படி வசதியோ’ என்றால் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரிகிறது என்று பொருள். ‘கேட்டுச் சொல்கிறோம்’ என்றால் இந்தக் கூட்டத்தில் பேச முடியாத ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்டவுடன் தேநீர் வந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. ஒரு பெண் பதில் சொல்லத் தொடங்கி, பக்கத்தில் இருக்கும் அண்ணையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினால் அந்தப் பதிலுக்காக மறுநாள் அவர் வீட்டு அடுப்படிக்குப் போக வேண்டும்.

இவை எனக்குத் தெரியாதவை இல்லை. என் வீட்டுக்கு ஒருவர் வேண்டாத பொருளைக் கொண்டு வந்தால் நானும் இப்படித்தான் பேசுவேன். ஆனால் எட்டுப் பேர் விமானச் செலவு செய்து வந்து, ஒரே ஒரு பதிலுக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் மரியாதையைச் சம்மதமாக மாற்றிச் சொன்னேன். அது எவருக்கும் தெரியாத பிழை. அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த இரண்டு வாரத்தில் ஊர் கொடுத்த விலை எவ்வளவு என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆகஸ்ட் ஐரோப்பாவில் விடுமுறைக் காலம். அதனால் குழுக்கள் ஆகஸ்டில் வருகின்றன. வன்னியில் ஆகஸ்ட் என்றால் கச்சான் காற்று, வறட்சி, கிணற்றில் நீர் ஆழத்துக்குப் போகும் காலம். மழை ஒக்டோபரில்தான் பிடிக்கும். பொதுக் கிணற்றடியில் எட்டுப் பேரும் காலையும் மாலையும் குளித்தார்கள். இரண்டாவது வாரம் துலாக்கயிறு இன்னும் இரண்டு முழம் கூடுதலாக இறங்க வேண்டியிருந்தது. விருந்தினர் எழும்ப முன்னர் தண்ணீர் அள்ளி முடித்துவிட வேண்டும் என்று பெண்கள் அதிகாலை நான்கு மணிக்குக் குடத்தோடு போனார்கள். விருந்தினர் தங்களால் தட்டுப்பாடு என்று கண்டு வருந்தக் கூடாது என்பதற்காக. நானும் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முறைவைத்துச் சமைத்தார்கள். முறை வந்த வீடுகளில் கோழி பிடித்தார்கள். சிறுபோக அறுவடையும் அதே நாட்களில்தான். வயலுக்குப் போக வேண்டிய கைகள் எங்களுக்காக இடியப்பம் பிழிந்தன.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கலாம் என்று வந்த இரண்டு பேர் இருந்தார்கள். நம் பாடசாலைகளுக்கும் ஆகஸ்டில்தான் வழமையாக இரண்டாம் தவணை விடுமுறை. விடுமுறையில் பிள்ளைகளைச் சீருடை போட்டு வரவழைத்தோம். பிள்ளைகள் வந்தார்கள். அதையும் நான் ஆர்வம் என்றே மொழிபெயர்த்தேன்.

நான் ஊரின் பக்கம் வந்து நின்றது நேபாளத்தில்.

2015 ஏப்ரல் 25 ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னர் 7.8 அளவில் நேபாளத்தில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சனிக்கிழமை அங்கே பாடசாலை விடுமுறை நாள். இல்லாவிட்டால் பிள்ளைகளின் எண்ணிக்கையை நினைத்துப் பார்க்கவே முடியாது. நாங்கள் சுனாமியைக் கண்டவர்கள். கொழும்பில் சில நண்பர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகப் பணம் சேர்த்தோம். நவம்பரில் ஆறு பேர் சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு மலைக்கிராமத்துக்குப் போனோம். நிலநடுக்கத்தில் மிக அதிகமாக உயிர் இழந்த மாவட்டம் அது. கல்லும் சேறும் வைத்துக் கட்டிய வீடுகள் குவியலாகக் கிடந்தன. பக்கத்திலேயே தகரக் கொட்டில்கள். இந்திய எல்லையில் பொருட்கள் தடைப்பட்டு நாடு முழுவதும் எரிபொருளும் சமையல் எரிவாயுவும் கிடைக்காத மாதங்கள் அவை. எங்களுக்குத் தேநீர் போட விறகு எரித்தார்கள். தங்களுடைய கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில் அந்தக் குடும்பம் படுத்தது.

பாடசாலைக்குக் கழிவறை கட்டுவது எங்கள் திட்டம். பணம் எங்களுடையது. கல் சுமக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று கேட்டோம். காத்மாண்டுவிலிருந்து வந்த தம்பி ஒருவர் எங்களுக்கு மொழிபெயர்த்தார். ஒரு முதிய பெண் எழுந்து நீளமாகப் பேசினார். பேசும்போது முற்றத்தில் விரித்திருந்த பாய்களை இரண்டு முறை பார்த்தார். கடைசியில் ‘ஹுன்ச’ என்றார். அந்தத் தம்பி எங்களிடம், “சரி என்கிறார்” என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவு நீளமான பேச்சு இரண்டு சொல்லாகச் சுருங்கியதைக் கேட்டவுடன் என் நெஞ்சு திடுக்கிட்டது. அந்தச் சுருக்கத்தை நான் அறிவேன். நானே செய்தது அது. பாய்களில் என்ன காய்ந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். குரக்கன். எங்கள் அம்மா திரிகையில் அரைத்துக் களி கிண்டும் அதே குரக்கன், அதே செம்பழுப்பு நிறக் கதிர்கள்.

இரவு அடுப்படியில் அந்தத் தம்பியிடம் தனியாகக் கேட்டேன். “அந்த அம்மா முழுவதும் என்ன சொன்னார்?” அவர் முதலில் தயங்கினார். பிறகு சொன்னார்: “குளிர் இறங்குவதற்குள் குரக்கனை அடித்து உள்ளே வைக்க வேண்டும். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டில் கல் தூக்க இருப்பது நானும் மருமகளும்தான். ஆனால் நீங்கள் வந்துவிட்டீர்கள், அதனால் ஹுன்ச. இதுதான் அவர் சொன்னது.” அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஆறு முகங்களும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் திட்டத்தை நிறுத்தினோம். பணத்தைப் பாடசாலை முகாமைத்துவக் குழுவின் கணக்கில் போட்டோம். மிகுதி நாட்களில் எங்களில் நான்கு பேர் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து கதிர் அடித்தோம். கழிவறைகளை அறுவடை முடிந்த பிறகு, கூலி வாங்கிக்கொண்டு, அவர்களே கட்டினார்கள். படங்கள் பெப்ரவரியில் வந்தன. எங்களில் ஒருவரும் அந்தப் படத்தில் இல்லை.

அங்கிருந்து திரும்பியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். விருந்தினர் இருக்கும் இடத்தில் எந்தக் கிராமத்திடமும் சம்மதம் கேட்கக் கூடாது. இன்றுவரை நான் விடாமல் பிடித்திருக்கும் விதி இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து வந்தவை.

2016 இல், நூலகம் கட்டிய அதே ஊருக்குத் தனியாகப் போனேன். கையில் திட்டமும் இல்லை, வெளிநாட்டுக்காரரும் இல்லை. கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தோம். காலையில் வைத்தால் பெண்கள் அடுப்பில் இருப்பார்கள், மாலையில் வைத்தால் பேசுவது ஆண்களாகவே இருக்கும். ஐந்து மண்முட்டிகள் வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் ஒட்டினோம். புத்தகம், தண்ணீர்க் குழாய், பஸ், யானை, தையல் இயந்திரம். படங்களைச் சொன்னது நாங்கள் இல்லை, முதல் வாரம் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது அவர்கள் சொன்னவை. புத்தகத்தை மட்டும் நான் சேர்த்தேன், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. முட்டிகளைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்தோம். ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்க முடியாது. கிராமிய அபிவிருத்தி வேலையில் பல நாடுகளில் பழகிப்போன முறைதான் இது. நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

எண்ணியபோது தண்ணீர் முட்டியில் எழுபத்தெட்டு. யானையில் நாற்பத்தொன்று. பஸ்ஸில் முப்பத்தாறு. தையலில் பன்னிரண்டு. புத்தகத்தில் ஒன்று. அந்த ஒன்றை யார் போட்டது என்று பிறகு தெரியவந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை. அவளுக்கு வேண்டியது கடந்தகால வினாத்தாள் புத்தகங்கள், அதுவும் தமிழில். மூவாயிரம் ரூபாயில் முடிந்த வேலை. கட்டடம் கட்டிய ஆண்டில் அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தண்ணீர் என்று முடிவானதும் பழைய ஐரோப்பியக் குழுவுக்கு எழுதினேன். நூலகம் என்ன ஆனது, நான் அன்று எப்படி மொழிபெயர்த்தேன் என்பதை மறைக்காமல் எழுதினேன். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அவர்கள் கோபப்படவில்லை. “இந்த முறை நாங்கள் என்ன செய்ய வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குழுவோடு இன்னும் நான் வேலை செய்வதற்குக் காரணம் அந்த வரிதான்.

கிணற்றை வறட்சி முடியும் காலத்தில் வெட்ட வேண்டும், நீர் அடிமட்டத்தில் இருக்கும்போது. அப்போது வெட்டினால் வறட்சியிலும் வற்றும் வாய்ப்புக் குறைவு. அதனால் ஆகஸ்ட், செப்டெம்பர் பொருத்தம். ஆனால் கிணறு வெட்டுவது தொண்டர்களின் வேலை இல்லை. கிணறு வெட்டும் ஆட்கள் அந்தப் பகுதியிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த மாதங்களில் கூலி வேண்டும். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலத்தில், சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் இன்னும் நின்ற காலத்தில், எங்கே மண்வெட்டி வைக்கலாம் என்று அறிந்தவர்கள் உள்ளூர் ஆட்களும் கண்ணிவெடி அகற்றும் அலுவலர்களும்தான். குழுவிலிருந்து ஒரே ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற மின்னிணைப்பாளர். மூன்று வாரம் தங்கி, நீர்ப்பம்பியைக் கழற்றிப் பூட்டும் வேலையை ஊரில் இரண்டு இளம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வேலை தெரிந்த கைகளுக்கு அதிக மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பம்பியின் அடைப்பிதழ் தேய்ந்திருந்தால் எப்படிச் சத்தம் வரும் என்பதை அவர் வாயாலேயே ஒலித்துக் காட்டினார். அந்த இரண்டு பெண்களும் அதைத் திருப்பி ஒலித்தார்கள். நான் ஓரமாக நின்றேன்.

மற்றவர்கள் தைப்பொங்கலுக்கு வந்தார்கள். வேலை ஒன்றும் வைக்கவில்லை. குளம் நிறைந்திருந்தது, கிணறு நிறைந்திருந்தது, ஊரும் அவர்களை மனம் நிறைந்து வரவேற்றது. சமைத்த பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தோம். ‘விருந்துக்குக் காசா’ என்று தலைவி அம்மா முதலில் மறுத்தார். மாதர் சங்கத்தின் கணக்கில் போடுகிறோம் என்றதும் ஒப்புக்கொண்டார். இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். விருந்தோம்பல் என்ற பெயரில் ஏழை வீட்டுக் கோழியைச் சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது.

வெளியிலிருந்து தொண்டர்கள் ஓர் ஊருக்கு வந்து வேலை செய்வது நூறு ஆண்டு பழைமையான விஷயம். பியேர் செரசோல் என்ற சுவிஸ்காரர் 1920 இல் முதலாம் உலகப் போரில் அழிந்த வெர்டன் பகுதியில் ஒரு கிராமத்தைத் திருப்பிக் கட்டப் பல நாட்டுத் தொண்டர்களைச் சேர்த்தார். 1934 இல் பீகாரில் நிலநடுக்கம் வந்தபோது இந்தியாவுக்கும் வந்தார். நம் நாட்டில் 1958 இல் கனதொலுவ கிராமத்தில் ஏ. டி. ஆரியரத்ன தன் மாணவர்களோடு தொடங்கியதுதான் சர்வோதய இயக்கத்தின் சிரமதானம், அதாவது உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. அந்தச் சொல் இன்று மூன்று மொழிக்காரருக்கும் தெரியும். மண்வெட்டி எடுப்பது மட்டும்தான் சிரமதானம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதில் குடும்பக் கூட்டம் என்று ஒன்று உண்டு. வந்தவரும் ஊரவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது. வேலையைவிட அந்தக் கூட்டத்தைத்தான் நாங்கள் கைவிட்டோம் என்று இப்போது நினைக்கிறேன்.

வர விரும்புகிறவர்களுக்குச் சில நேரடியான விஷயங்கள். சுற்றுலா விசாவில் வந்து கூலியில்லாத வேலைகூடச் செய்ய அனுமதி இல்லை. உங்களை அழைக்கும் அமைப்பு முறையாகப் பதிவு செய்ததா என்று பாருங்கள். தன்னார்வச் சமூக சேவை அமைப்புகளுக்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. விசா விண்ணப்பம் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்தில், மற்ற அனுமதிகள் கச்சேரி என்னும் மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகத்திலும். இதற்கெல்லாம் மாதக் கணக்கில் நேரம் வையுங்கள். கிராம அலுவலருக்குத் தெரியாமல் ஊருக்குள் போய்விட்டு, பிறகு அவர் ஊர்க்காரரைக் கேள்வி கேட்கும் நிலையை உண்டாக்காதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும்.

சிறுவர் இல்லங்களுக்கு ‘அன்பு கொடுக்க’ என்று இரண்டு வாரம் வருகிறோம் என்பவர்களை நான் இப்போது ஏற்பதே இல்லை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையினருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். வறுமைதான் அங்கே கொண்டுவந்து விட்டது. வருகிறவர்கள் கூடக் கூட, வருகிறவர்களுக்குக் காட்டவென்றே பிள்ளைகளைச் சேர்க்கும் இடங்கள் உலகில் உருவாகியிருக்கின்றன. 2019 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையே சிறுவர் உரிமைத் தீர்மானத்தில் அதைக் கண்டித்தது. இரண்டு வாரம் மடியில் வைத்திருந்துவிட்டுப் போகிறவருக்காக ஒரு பிள்ளை வாசலில் நிற்பதை நான் ஒரு முறை பார்த்தேன். வான் போன பிறகும் கேற்றுக் கம்பியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை. வருவதற்குச் செலவிடும் பணத்தை, ஒரு தாய் தன் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கொடுக்க வழி தேடுங்கள்.

புலம்பெயர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் தமிழ் இளைஞர்கள், தங்களுக்கு மொழி தெரியும், நடுவில் ஆள் தேவையில்லை என்கிறார்கள். மொழி தெரிவது நல்லது. ஆனால் வெள்ளைக்காரரிடம் ஒருவேளை வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஊர், உங்களிடம் ஒருபோதும் சொல்லாது. நீங்கள் இன்னாருடைய பேரன், இன்னாருடைய மருமகள். அப்பப்பாவின் நினைவாக மண்டபம் கட்டுகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம், மண்டபம் வேண்டாம், வாய்க்கால் உடைந்திருக்கிறது என்று சொல்ல எந்த மாமிக்கு வாய் வரும்? அப்பப்பாவின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றால், பராமரிப்பு நிதிக்கு அந்தப் பெயரை வையுங்கள். ஊர் மாதம் ஒரு முறையாவது அந்தப் பெயரைச் சொல்லும்.

மொழிபெயர்க்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: ஒருவர் பத்து வாக்கியம் பேசினால் பத்தையும் சொல்லுங்கள். அவர் எங்கே பார்த்தார், எங்கே நிறுத்தினார் என்பதையும் சொல்லுங்கள். புரியாவிட்டால் எனக்குப் புரியவில்லை, நாளை கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். விருந்தினர் முகம் வாடுவதைத் தாங்கப் பழக வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது அதுதான்.

தண்ணீர்த் திட்டத்தின் கதையை முடிக்கவில்லை. கிணறு, மின்பம்பி, உயரத்தில் தாங்கி, வீட்டுக்கு ஒரு குழாய். வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் என்று அவர்களே வைத்தார்கள். பற்றுச்சீட்டுப் புத்தகம் மாதர் சங்கத்திடம். ஐந்து ஆண்டுகள் பிசகில்லாமல் ஓடியது. பிறகு 2022 வந்தது. ரூபாய் விழுந்தது. உரம் இல்லாமல் விளைச்சல் குறைந்திருந்தது. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் மீண்டும் ஏறியது. 150 ரூபாய் எந்த மூலைக்கும் போதவில்லை. பம்பியை ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டார்கள். இரண்டு வீட்டாரால் கட்ட முடியாமல் போனபோது மற்றவர்கள் பேசாமல் பங்கு போட்டுக் கட்டினார்கள்.

செய்தி கேட்ட ஐரோப்பியக் குழு, இனி மின்கட்டணம் முழுவதையும் நாங்களே கட்டுகிறோம் என்று எழுதியது. நல்ல மனம். நான் அதைத் தமிழில் எழுதி அனுப்பினேன், விருந்தினர் இல்லாமல் கூடிப் பேசுங்கள் என்று மட்டும் சேர்த்தேன். பம்பி பழகிய இரண்டு பெண்களில் ஒருத்தி இப்போது சங்கத்தின் செயலாளர். பத்து நாள் கழித்து அவள் தொலைபேசியில் பேசினாள்.

“அக்கா, கூட்டம் போட்டோம். கட்டணம் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் கட்டினால் நாங்கள் சங்கம் கூடுவதையே விட்டுவிடுவோம். எங்களுக்குச் சூரிய மின்தகடு வாங்கக் கடன் தரட்டும். வட்டியில்லாமல். மூன்று ஆண்டில் மாதாமாதம் திருப்பிக் கட்டுவோம். அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. பக்கத்து ஊரிலும் கிணறு கேட்கிறார்கள், அந்த ஊர்ச் சங்கத்தின் கணக்கில் போடுகிறோம்.”

நான் எழுதிக்கொண்டேன். அவள் விடவில்லை. “அக்கா, வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே எழுதுங்கள். மாற்றாதீர்கள். அம்மா அப்படிச் சொல்லச் சொன்னா.” தலைவி அம்மாவைத்தான் சொல்கிறாள். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். பின்னால் அவருடைய இருமல் கேட்டது.

அப்படியே எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. குழு அடுத்த வாரமே ஒப்புக்கொண்டது. 2023 மார்ச்சில் தகடுகள் ஏறின. அந்த மாதம் முதல், ஒவ்வொரு ஐந்தாம் திகதியும் பற்றுச்சீட்டின் படம் ஒன்று என் தொலைபேசிக்கு வரும். நீல மைத்தாள் பிரதி, மேலே சங்கத்தின் முத்திரை, கீழே பக்கத்து ஊர்ச் சங்கத்துப் பொருளாளரின் கையெழுத்து. ஒரு மாதம் ஆறாம் திகதிதான் வந்தது. மழையில் பஸ் ஓடவில்லை, அதனால் ஒரு நாள் பிந்தியது என்று கீழே எழுதியிருந்தாள்.